சாம்பல் பட்டன்

நோட்டீஸ்காரருக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு குப்பைமேட்டால்தான்.

நூற்று இருபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் பதினெட்டு வருடம் சங்க அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், லிப்ட் எத்தனை நாளாக வராது என்பதையெல்லாம் எழுதி ஒட்டுவது அவர் பொறுப்பு. பின்பக்கச் சுவரோரம் எல்லோரும் குப்பை கொட்டினார்கள். 'குப்பை கொட்டாதீர்' என்று எழுதினார். அந்தப் பலகைமேலேயே கொட்டினார்கள். 'மீறினால் அபராதம்' என்று எழுதினார், பலகையையே காணோம். கடைசியில் ஒரு நாள், பல்வலியின் எரிச்சலில், இப்படி எழுதி ஒட்டினார்: 'நேற்று இங்கே குப்பை கொட்டியவரை எங்களுக்குத் தெரியும். அவருடைய அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.'

அன்றோடு குப்பை நின்றது. நின்றதோடு சரியா, கிடந்த பழைய குப்பையையும் யார் யாரோ வந்து அவரவர் பங்கை அடையாளம் பார்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர். வயது எழுபத்தெட்டு, அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருடம். அவர் அலுவலகத்துக்கு வந்து, "ஒரே ஒரு தடவைதான் போட்டேன் சார், பிஞ்சு போன செருப்பு" என்று கண்கலங்கிவிட்டுப் போனார்.

அந்த நோட்டீசை யாரோ படம் எடுத்தார்கள். படம் போன் போனாகச் சுற்றி ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனி கார் அனுப்பியது.

அந்தக் கம்பெனி 'வேளை' என்று ஒரு செயலி நடத்திவந்தது. மாத்திரை சாப்பிடும் வேளைக்குப் போனில் மணி அடிக்கும். எந்த மாத்திரை, எத்தனை என்று படத்தோடு காட்டும். நல்ல காரியம்தான். விலை நிர்ணயத்துக்கென்றே ஒரு தனி மாடி இருந்தது. அதன் தலைவியின் விசிட்டிங் கார்டில் அவர் பதவி நான்கு வரிக்கு நீளும். ஊழியர்கள் சுருக்கமாக விலை மேடம் என்றார்கள்.

"இந்த ஆப் ஃப்ரீ," என்றார் விலை மேடம் முதல் நாளே. "ஃப்ரீன்னா ஃப்ரீ. நோயாளிகிட்ட காசு வாங்கறது பாவம்னு எங்க கொள்கையிலேயே எழுதியிருக்கு. ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம், பாருங்க."

நோட்டீஸ்காரர் பார்த்தார். நல்ல ஃப்ரேம்.

"அப்ப நமக்கெல்லாம் சம்பளம் எப்படி மேடம்?"

"மணி அடிச்சதும் ஒரு பக்கம் வரும். அதுல ரெண்டு பட்டன். பச்சைப் பட்டன் பெரிசு, 'சந்தா கட்டுகிறேன்'. கீழே சாம்பல் கலர்ல சின்னதா ஒண்ணு. அதை அழுத்தினா இலவசம். எதை அழுத்தினாலும் மாத்திரையைக் காட்டும்."

"சந்தா கட்டினா கூடுதலா என்ன கிடைக்கும்?"

"அந்தப் பக்கம் வராது."

நோட்டீஸ்காரர் மறுபடி ஃப்ரேமைப் பார்த்தார். "அந்தப் பக்கம் வராம இருக்கறதுக்கா காசு?"

"பாருங்க, எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுகிட்டீங்க! எனக்கு முன்னாடி இருந்தவருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு." விலை மேடம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பச்சைப் பட்டன்ல என்ன எழுதினாலும் ஜனங்க கட்ட மாட்டாங்க. அஞ்சு வருஷம் எழுதிப் பார்த்துட்டோம். தொழிலே சாம்பல் பட்டன்லதான் இருக்கு. மருந்து ஞாபகத்தை இலவசமாத் தர்றோம். கூடவே கொஞ்சம் வெட்கத்தையும் இலவசமாத் தர்றோம். வெட்கம் வேணாம்கறவங்க காசு கொடுத்து அதைத் திருப்பித் தந்துடறாங்க. இதுல யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?"

யாருக்கும் நஷ்டமில்லை போலத்தான் தோன்றியது. பழைய சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. நோட்டீஸ்காரர் கையெழுத்துப் போட்டார்.

ஓர் ஆள், ஒரு மேஜை, ஒரு பட்டன். அதுதான் வேலை. ஆனால் கம்பெனி தன் கொள்கையை வாசலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊழியர்களிலும் இலவசத் திட்டம், சந்தாத் திட்டம் என்று இரண்டு இருந்தன. இலவசத் திட்டக்காரர்களுக்கு லிப்ட் நாலாவது மாடி வரைதான் போகும், அலுவலகம் ஆறாவதில். அவர்களுடைய நாற்காலிக்கு முதுகு பிற்பகலில்தான் பொருத்தப்படும். மீட்டிங்கில் ஒருவருக்கு மூன்று வாக்கியம், நாலாவதுக்குக் காசு. மேஜைமேல் ஆளுக்கொரு சிலேட்டு மாதிரிக் கருவி இருக்கும், அது எண்ணிக்கொண்டே வரும். முதல் மீட்டிங்கில் நோட்டீஸ்காரர் "வணக்கம்", "இங்க உட்காரலாமா?", "பரவாயில்லை, நிக்கிறேன்" என்று மூன்றையும் செலவழித்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா நின்றார்.

கூடத்தின் நடுவில் ஒரு பித்தளை மணி தொங்கியது. உலகத்தில் எங்கேயாவது ஒருவர் சந்தா கட்டினால் அது தானாக ஒருமுறை அடிக்கும். உடனே எல்லோரும் எழுந்து நின்று மூன்று எண்ணும் வரை தலைகுனிந்திருந்துவிட்டு உட்கார வேண்டும். மணி நாளைக்கு ஏழெட்டுத் தடவை அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது சாம்பல் பட்டனில் இருந்த வாசகம்: 'வேண்டாம், நன்றி.'

"நன்றியாம்!" என்றார் அளவுக்காரர். அவர்தான் சோதனைக்கூடத்துப் பொறுப்பாளர். கூலிக்கு ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து, காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவார். வாசகத்தைப் படிக்கும்போது காது எத்தனை டிகிரி சூடாகிறது என்று பார்ப்பது அவர் தொழில். "இதை அழுத்தறப்ப காது சூடாகறதில்லை சார். குளுந்து போகுது! இதை எழுதினவரை வாசல்ல பார்த்திருப்பீங்களே, காருக்கு இடம் காட்டிக்கிட்டு."

நோட்டீஸ்காரர் பேனாவைத் திறந்தார். முதலில் எழுதியது: 'வேண்டாம், எனக்கு ஞாபகசக்தி அதிகம்.' காது அரை டிகிரி ஏறியது. மணி நாளைக்கு இருபது தடவை அடித்தது. அடுத்து: 'வேண்டாம், என் உடம்பு விஷயத்தில் நான் அலட்சியக்காரன்தான்.' ஒன்றரை டிகிரி. மணி நூறைத் தொட்டது. விலை மேடம் அவரை அழைத்து, அவருடைய நாற்காலிக்கு முதுகை இனி காலையிலேயே பொருத்தலாம் என்று உத்தரவிட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு நாற்காலியில் சாய்ந்துகொள்வதற்குக் கூச்சப்பட்டார் அவர்.

கம்பெனியில் இன்னொரு விதி. ஊழியர் ஒவ்வொருவரும் குடும்பத்தில் ஒருவர் போனிலாவது 'வேளை'யை ஏற்ற வேண்டும். "குடும்பத்துக்கு முன்னுரிமை உண்டு," என்றார் விலை மேடம். குடும்பத்தாருக்கு அந்தப் பக்கம் வராதாக்கும் என்று எடுத்துக்கொண்ட நோட்டீஸ்காரர், அக்காவின் போனில் தன் கையாலேயே ஏற்றிக்கொடுத்தார். குடும்பத்தாருக்குப் புது வாசகம் மற்றவர்களைவிட ஒரு நாள் முன்னதாகவே வரும், முன்னுரிமை என்பது அதுதான் என்று அவருக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது.

அக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள். தனக்கென்று ஒரு வீடு வாசல் அமைத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "உனக்கு ஃபீஸ் கட்டற அவசரத்துல மறந்துட்டேன்டா" என்பாள். ஒரு தையல் கடையில் பேண்டின் நீளம் குறைப்பது, பிரிந்த தையலைப் போடுவது அவள் வேலை. ஒருமுறை படிக்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுச் சொந்தத் தையல் மெஷினைப் பறிகொடுத்தவள். அதிலிருந்து எதையும் சத்தமாக, முழுசாக, வாய்விட்டுப் படிக்காமல் சம்மதம் தருவதில்லை. பஸ் டிக்கெட்டைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் பையில் வைப்பாள். போன வருடம் அவளுக்கு இருதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது வாசகத்துக்கு விலை மேடம் அவகாசம் கொடுத்தது ஒரு வாரம். "இதுவரைக்கும் கையால எழுதினீங்க. இது மனசுலேருந்து வரணும். உங்க மனசுல இல்லேன்னா வீட்டுல யார் மனசுலேருந்தாவது எடுத்துட்டு வாங்க."

ஆறு நாள் ஒன்றும் வரவில்லை. ஏழாவது நாள், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்பத்திரிக் கவுண்டர் ஞாபகம் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், அவரும் அக்காவோடு நின்றிருந்தார். கவுண்டரில் இருந்தவர் பாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்? யாராவது வெளியில காத்திருப்பாங்களா?" அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்காகக் காத்திருக்க யாருமில்லை, என் தம்பியைத் தவிர."

நோட்டீஸ்காரர் எழுதினார்: 'வேண்டாம், எனக்காகக் காத்திருக்க யாருமில்லை.'

பட்டன் சின்னது. அதற்குமேல் அதில் இடமில்லை. அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

காது நாலு டிகிரி ஏறியது. சோதனைக்கு வந்த ஓர் ஆள் தனக்குச் சந்தா கட்டியதோடு, எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு அழுதுகொண்டே போனார். வாசகம் உலகத்துக்குப் போன அன்று பித்தளை மணி நிற்கவே இல்லை. எழுந்த ஊழியர்கள் உட்கார முடியவில்லை. மூன்று எண்ணுவதற்குள் அடுத்தது. மதியத்தில் நாற்காலிகளை அடுக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். இனி அவற்றுக்குத் தேவையில்லை என்று சுற்றறிக்கை வந்தது. வேலையெல்லாம் நின்றபடி, தலைகுனிந்தபடி நடந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் என்ன பணிவான ஆபீஸ் என்று வியந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தையல் கடை கட்டிங் மாஸ்டர் போன் செய்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்காவுக்கு வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

"இல்லையே. ஏன்?"

"தினம் அஞ்சு மணிக்குப் போன்ல மணி அடிக்குது. கண்ணாடியை மாட்டிக்கிட்டு, கடை நிறைய ஆள் இருக்க, 'வேண்டாம், எனக்காகக் காத்திருக்க யாருமில்லை'ன்னு சத்தமாச் சொல்றாங்க. அப்புறம் தலையைக் குனிஞ்சுகிட்டு ஏதோ முணுமுணுக்கறாங்க, மெஷின் சத்தத்துல காதுல விழலை. மாத்திரையைப் போட்டுக்கறாங்க. கஸ்டமருக்கெல்லாம் ஒரு மாதிரி ஆகிடுது சார். நேத்து ஒருத்தர் பேண்டே வாங்காம காசை வச்சுட்டுப் போயிட்டார். முந்தாநாள் ஒரு அம்மா அவங்களைத் தத்தெடுத்துக்கறேன்னு நின்னாங்க. அந்த அம்மாவுக்கு வயசு முப்பது!"

நோட்டீஸ்காரர் போனை வைத்துவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தார். அளவுக்காரரின் கருவி இல்லாமலேயே தெரிந்தது.

அன்று மூன்று மணிக்கு விலை மாடி ஊழியர் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டம். அவருக்குப் பாராட்டு. நாலாவது மாடியிலிருந்து ஆறாவதுக்குப் படியேறும்போது வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டார். சரியாக மூன்று. ஒன்று: அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு: அது என் அக்காவின் வார்த்தை. மூன்று: வேறு எழுதித் தருகிறேன். படிக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை.

நுழைந்ததும் விலை மேடம் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம்."

சிலேட்டுக் கருவியில் மூன்று போய் இரண்டு வந்தது. நோட்டீஸ்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

விலை மேடம் பேசினார். அவருக்குச் சந்தாத் திட்டம், வாக்கியத்துக்குக் கணக்கில்லை. "சிலபேர் கேக்கறாங்க, நோயாளியை வெட்கப்படுத்தறது தப்பில்லையான்னு. வெட்கப்படுத்தறது நாங்க இல்லை! நாங்க ஒரு பட்டனைத்தான் வைக்கிறோம். அழுத்தறது அவங்க விரல். வெட்கம் அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. சும்மா கிடந்த நிலத்துல நாங்க பயிர் பண்றோம். ஏழைகளை மறந்துட்டோம்னு இனி யாரும் சொல்ல முடியாது. முன்னெல்லாம் காசிருக்கறவன் மட்டும்தான் எங்களுக்குப் பிரயோஜனம். இப்ப காசில்லாதவனும் தினம் ரெண்டு வேளை எங்க வாசகத்தைப் படிக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துப் பக்கத்துல இருக்கறவன் சந்தா கட்டறான். இலவசக்காரன்தான் எங்க விளம்பரம்! அவன் சேவையை மதிக்கத்தான் அவனுக்கு இலவசமாவே வச்சிருக்கோம்."

பலத்த கைதட்டல். கண்ணாடியில் செய்த ஒரு கேடயத்தை நோட்டீஸ்காரர் கையில் கொடுத்தார்கள். 'வெட்கச் செம்மல்' என்று பொறித்திருந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாய் என்ன சொல்லுமோ அதை வாய் சொல்லிவிட்டது.

"நன்றி."

மிச்சம் ஒன்று. நோட்டீஸ்காரர் மூன்றையும் ஒன்றில் திணித்துவிடலாம் என்று மூச்சைப் பிடித்துத் தொடங்கினார். "அந்த வாசகம் என் அக்கா சொன்னது, அதனால..." என்று வந்தபோது மூச்சு வாங்கிவிட்டது. கருவி அதை முற்றுப்புள்ளியாக எடுத்துக்கொண்டது. பூஜ்யம்.

"கேட்டீங்களா!" விலை மேடம் நெஞ்சில் கைவைத்தார். "சொந்த அக்காவையே தொழிலுக்குத் தந்திருக்கார்! இந்த மாதிரி குடும்பப் பாசம் இன்னைக்கு எந்தக் கம்பெனியில இருக்கு?"

எல்லோரும் ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால், மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள்.

நோட்டீஸ்காரர் குனிந்து கருவியைப் பார்த்தார். ஒரு பக்கம் வந்திருந்தது. மேலே பெரிய பச்சைப் பட்டன்: 'நாலாவது வாக்கியம் வாங்குகிறேன். விலை ஒரு மாதச் சம்பளம்.' கீழே சின்னதாகச் சாம்பல் பட்டன். அதன் வாசகத்தை அவர் எழுதவில்லை. அவர் எழுதியதையெல்லாம் படித்துக் கருவி தானாகவே கற்றுக்கொண்டிருந்தது.

'வேண்டாம், என் அக்கா அவ்வளவு முக்கியமில்லை.'

மொத்தப் பேரவையும் அவர் விரலைப் பார்த்தது. அடுத்த வாரம் அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, சம்பளத்தில் கைவைக்க முடியாது என்று அவர் மனசு ஒரு காரணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. நல்ல காரணம்தான். ஆனால் அது வந்து சேர்வதற்குள் விரல் போய் அழுத்தியிருந்தது.

"ஆறு டிகிரி!" என்று கூவினார் அளவுக்காரர். எப்போது வந்து காதில் கருவியை மாட்டினார் என்றே நோட்டீஸ்காரருக்குத் தெரியவில்லை. "சாதனை மேடம்! எழுதினவர் காதே ஆறு டிகிரி!"

"இதுக்கு மேல என்ன சான்று வேணும்?" என்றார் விலை மேடம். "எழுதினவரே இலவசத்தை அழுத்திட்டார்."

நோட்டீஸ்காரர் படியிறங்கினார். பஸ் ஏறத் தோன்றவில்லை. வெட்கச் செம்மலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அது பனியனில் சில்லென்று உறுத்த உறுத்த, தையல் கடைக்கு நடந்தே போனார். போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்கு மூன்று நிமிடம்.

கடை குறுகல். அக்கா மெஷினில் உட்கார்ந்து யாருடைய பேண்டையோ அடித்துக்கொண்டிருந்தாள். அந்த யாரோ, இடுப்பில் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் காத்திருந்தார். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, 'நீங்களே பாருங்க' என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

"வாடா," என்றாள் அக்கா, கால் மிதியை நிறுத்தாமல். "என்ன இந்த நேரத்துல? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"இல்லக்கா."

"சட்டைக்குள்ள என்ன அது, தொப்பை சதுரமா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"சாப்பிட்டியா?"

"ம்."

மூன்று. அதற்குமேல் வாய் திறக்கவில்லை. இங்கே எண்ணுவதற்கு எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தும் திறக்கவில்லை.

போனில் மணி அடித்தது. அக்கா மிதியை நிறுத்தினாள். கண்ணாடியை மாட்டினாள். போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தொடங்கப் போனவள், நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"இதை எழுதினவன் உங்க ஆபீஸ்லதானேடா இருக்கான்?"

நோட்டீஸ்காரர் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தார்.

"எவனோ ஒட்டுக்கேட்டு எழுதியிருக்கான். அன்னைக்கு அந்தக் கவுண்டர்ல மூணே பேர்தான். நான் எழுதலை. அந்தக் கவுண்டர்காரர் எழுத மாட்டார், என் பேரை எழுதவே மூணு தாளைக் கிழிச்சவர்." மருந்துப் பட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "எழுதட்டும். பொழைப்புன்னா எழுதத்தான் வேணும். ஆனா பாதித் தையலோட எந்த மடையனாவது துணியைக் கொடுப்பானாடா? பிரிஞ்சு போகாதா? நான்தான் தினமும் மீதியைப் போட்டு முடிச்சுக்கிட்டு இருக்கேன்."

கட்டிங் மாஸ்டருக்கு அப்போதுதான் அந்த முணுமுணுப்பின் அர்த்தம் தெரிந்தது. அவர் சட்டென்று ஒரு துணியை எடுத்து வெட்டத் தொடங்கினார். அது ஏற்கனவே வெட்டிய துணி.

"அக்கா..."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லாத." போனை அவர் கையில் திணித்தாள். "இந்தா. இன்னைக்கு நீ படி. சத்தமா. சத்தமாப் படிக்காத எதுக்கும் நான் சம்மதம் தர்றதில்லை, தெரியுமில்ல?"

நோட்டீஸ்காரர் படித்தார். ஆபீசில் எத்தனையோ தடவை திரையில் பார்த்த வாசகம். வாய்விட்டுப் படித்தது அதுதான் முதல்முறை. "வேண்டாம், எனக்காகக் காத்திருக்க யாருமில்லை."

போர்வைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா மாத்திரையை வாயில் போடவில்லை. ஒரு கையில் தண்ணீர் டம்ளர், ஒரு கையில் மாத்திரை, அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தில் ஐந்து தாண்டி ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது. போன் மறுபடி மணி அடித்தது.

"மீதி?" என்றாள்.

"அக்கா, மாத்திரையைப் போடுக்கா. நேரமாச்சு."

"மீதியைச் சொல்லு."

சட்டைக்குள் கேடயத்தின் முனை வயிற்றில் குத்தியது. காது எத்தனை டிகிரி என்று தெரியவில்லை. அளவுக்காரர் இருந்திருந்தால் கருவி உருகியிருக்கும். "என் தம்பியைத் தவிர," என்றார் நோட்டீஸ்காரர். குரல் பாதிதான் வந்தது.

"காதுல விழலை. மெஷின் கடைடா இது."

"என் தம்பியைத் தவிர!"

"ம். அழுத்து."

அவர் சாம்பல் பட்டனை அழுத்தினார். திரையில் மாத்திரையின் படம் வந்தது. அக்கா படத்தையும் கையில் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். போர்வைக்காரரின் பேண்டை மறுபடி ஊசிக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"நாளைக்கும் அஞ்சு மணிக்கு வந்துடு. நீதான் படிக்கிற."